பிளஸ் ஒன் வகுப்பில் சங்கப் பாட்டு: கைடு இல்லாமல் வாசிக்க வைப்பது எப்படி

ஒரு காலாண்டுத் தேர்வில் 'இலக்கிய நயம் பாராட்டுக' கேள்விக்கு வந்த விடைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். முப்பது பேருக்கு மேல் ஒரே வாக்கியத்தில் ஆரம்பித்திருந்தார்கள், எல்லாம் கைடில் இருக்கும் வாக்கியம். அப்புறம் மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி என்று வரிசையாகத் தலைப்புகள். ஒரு பையன் 'இப்பாடலில் இயைபுத் தொடை மிகச் சிறப்பாக அமைந்துள்ளது. எடுத்துக்காட்டு:' என்று எழுதி இரண்டு வரி இடம் விட்டிருந்தான். தேடிக் கண்டுபிடித்து அப்புறம் எழுதலாம் என்று நினைத்திருப்பான். அந்தப் பாடலில் இயைபே கிடையாது, இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது. பாடலைப் படிக்காமலே பாடலைப் பாராட்ட முடியும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நான் நடத்தும் முறையை மாற்றிக்கொண்டேன். மேல்நிலை வகுப்பில் தமிழ் நடத்துபவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன். நான் சங்கப் பாடல்களை வைத்துத்தான் பேசப்போகிறேன். குறுந்தொகையில் 401 பாடல் இருக்கிறது, பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும், ஒரு பாடவேளைக்குள் ஒரு முழு இலக்கியத்தையும் கையில் எடுத்து வைத்துவிடலாம். இந்த வசதி வேறு எந்த மொழி ஆசிரியருக்குக் கிடைக்கும் என்று தெரியவில்லை.

பாடலை நடத்துவதும் திறனை நடத்துவதும்

நாம் வழக்கமாகச் செய்வது: பாடல், சொற்பொருள், பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு, ஆசிரியர் குறிப்பு, வினா விடை. அடுத்த பாடல் வந்தால் மறுபடியும் அதே. வருடக் கடைசியில் பிள்ளைகளுக்குப் பதினைந்து பாடல் தெரியும், பதினாறாவது பாடலைக் கையில் கொடுத்தால் முழிப்பார்கள். ஏனென்றால் நாம் சொல்லிக்கொடுத்தது பதினைந்து பொழிப்புரைகளை.

அமெரிக்காவில் பள்ளியின் மேல் வகுப்பு மாணவர்களுக்கு அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்று கல்லூரித் தரத்தில் ஒரு பாடத்திட்டம் உண்டு, காலேஜ் போர்டு நடத்துவது. அதில் ஆங்கில இலக்கியப் பாடத்தின் அமைப்பைப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. 'இந்தப் புத்தகங்களைப் படிக்க வேண்டும்' என்று கட்டாயப் பட்டியலே கிடையாது. ஒன்பது அலகுகள்: சிறுகதை மூன்று முறை, கவிதை மூன்று முறை, நாவல் அல்லது நாடகம் மூன்று முறை, சுற்றிச் சுற்றி வரும். பாத்திரம், இடம், அமைப்பு, கதைசொல்லி, சொல்லும் படிமமும், ஒப்பீடு, எழுத்தில் வாதம் வைப்பது என்று திறன்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதே திறன் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கடினமான படைப்பின் மேல் திரும்ப வரும். மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணி நேரம் 55 கொள்குறி வினா, மீதி இரண்டு மணி நேரம் மூன்று கட்டுரை. மதிப்பெண்ணில் 45 சதவீதம் முன்னதற்கு, 55 பின்னதற்கு. கட்டுரைகளில் ஒன்று கண்ணுக்கு எதிரே கொடுக்கப்படும் ஒரு கவிதையைப் பற்றி, இன்னொன்று ஓர் உரைநடைப் பகுதியைப் பற்றி. இரண்டுமே அநேகமாக மாணவர் முன்பின் பார்த்திராதவை. ஆக, மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

அந்தப் பாடத்திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் அது நடக்காது. நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு யோசனையை: குறைவான திறன்கள், திரும்பத் திரும்ப, ஒவ்வொரு சுற்றிலும் ஆசிரியரின் உதவி குறைந்துகொண்டே போக வேண்டும்.

திறன்களுக்குப் பெயர் தேடி வெளியே போக வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியலின் முதல் நூற்பாவை எடுத்துப் பாருங்கள், செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. மாத்திரை, அசை, சீர் என்று ஆரம்பிப்பதால் யாப்பிலக்கணம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் நடுவில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் எல்லாம் வருகின்றன. நோக்கு என்று ஒன்று வருகிறது: 'மாத்திரை முதலா அடிநிலை காறும் நோக்குதற் காரணம் நோக்கெனப் படுமே'. வாசகனை நின்று பார்க்க வைப்பது எதுவோ அது. (எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. இருந்ததை வைத்துக்கொண்டு கைடு வாங்கிக் கொடுத்தோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.)

முப்பத்துநாலையும் நடத்தினால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். நான் ஐந்தே ஐந்து வைத்திருக்கிறேன், அதுவும் கேள்வி வடிவத்தில்:

யார் சொல்கிறார், யாரிடம், யார் காதில் விழ வேண்டும் என்று?
எந்தச் சொல்லில் கண் நிற்கிறது?
இந்தப் பறவையும் மரமும் மீனும் இங்கே ஏன்?
எது முன்னால் வருகிறது, எது பின்னால்?
எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்?

கூற்று (யார் பேசுவது), கேட்போர், நோக்கு, உள்ளுறை, இறைச்சி (இரண்டும் இயற்கைக் காட்சி வழியாகக் குறிப்பாகப் பொருள் உணர்த்துவது), எச்சம் (சொல்லாமல் விட்டது) என்ற பெயர்களெல்லாம் பிறகு, பிள்ளைகள் அந்த விஷயத்தை ஒருமுறை தாங்களே கண்டுபிடித்த பின்பு, 'இதுக்குப் பேரு இதுதான்' என்று சொன்னால் மறக்கவே மாட்டார்கள். பெயரை முதலில் சொன்னால் வரையறையை எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

வருடத்தை எப்படிப் பிரிப்பது

வாரத்தில் ஒரு பாடவேளையை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள், மற்றதில் வழக்கமான போர்ஷன் போகட்டும். பிளஸ் ஒன் வகுப்புதான் இதற்குச் சரியான இடம். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று ஆகிவிட்டதால் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தையும் பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே ஓட்டி நிரப்பிவிடாமல் இருந்தால் சரி.

முதல் சுற்று, ஜூன் முதல் காலாண்டு வரை: சின்னக் குறுந்தொகைப் பாடல்கள், ஐந்து கேள்வியும் தாளிலேயே இருக்கும், அருஞ்சொற்பொருள் தாராளமாகக் கொடுப்பேன். இரண்டாம் சுற்று, அரையாண்டு வரை: புறநானூறும், கொஞ்சம் சிக்கலான மருதப் பாடல்களும், ஒரே ஒரு கேள்வி. மூன்றாம் சுற்று, பொங்கலுக்குப் பிறகு: வெறும் பாடல். கேள்வியை அவர்களே கேட்டுக்கொள்ள வேண்டும். நீண்ட படைப்பும் இந்தச் சுற்றில்தான். பாரதியும் புதுக்கவிதையும் சிறுகதையும் இடையிடையே வரும். அவற்றுக்கும் அதே ஐந்து கேள்வி செல்லும் என்பதால் தனியாக விளக்கவில்லை.

பாடல் தேர்வில் ஒரு எச்சரிக்கை. எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'யாயும் ஞாயும் யாரா கியரோ'தான் (குறுந்தொகை 40). அதில் ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகள் அதை சினிமாப் பாட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பார்த்துவிட்டார்கள், 'செம்மண்ணும் மழைநீரும் கலந்தது போல' என்று பொருளை ஒப்பித்துவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்கள். நாலைந்து வாரம் கழித்து எடுங்கள். அப்போது 'யார் சொல்கிறார்' என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பாடலின் கீழே உள்ள குறிப்பைக் கடைசியில் காட்டுங்கள்: பிரிந்துவிடுவானோ என்று பயந்து தலைவியின் முகம் மாறுகிறது, அதைக் கண்டு தலைவன் சொன்னது. கல்யாணப் பத்திரிகையில் போடுகிற பாட்டு, கல்யாணம் நடக்குமா என்று பயந்து நின்ற ஒருத்தியைச் சமாதானப்படுத்தச் சொன்னதா என்று ஒரு பெண் கேட்டாள். தெரிந்த பாட்டு தெரியாத பாட்டாக மாறுவது அந்த இடத்தில்தான், ஆனால் அதற்கு அவர்கள் முதலில் கூற்றைத் தேடிப் பழகியிருக்க வேண்டும்.

இங்கேதான் இந்த முறையின் முக்கியமான கருவி இருக்கிறது. அகப்பாடல்களுக்குக் கீழே யார் யாருக்கு எப்போது சொன்னது என்று ஒரு குறிப்பு இருக்கும், அதைக் கொளு என்போம். பாடநூலில் நாம் முதலில் படித்துக்காட்டுவதே அதைத்தான். அதை மறைத்துவிடுங்கள். பாடலை மட்டும் கொடுங்கள். கொளுவை மறைத்த நொடியில் பாடல் ஒரு துப்பறியும் வேலையாக மாறிவிடுகிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது பிடிக்காமல் போகுமா? அகப்பாடல் முழுக்க ஒட்டுக்கேட்கிற பேச்சுதானே. குறுந்தொகை மூன்றாம் பாடலில் 'நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று' என்று தலைவி தலைவனோடு கொண்ட நட்பைப் புகழ்வது தோழியிடம், ஆனால் அவன் வேலிக்கு அந்தப் பக்கம் ('சிறைப்புறமாக') நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று கொளு சொல்கிறது. பேசப்படுபவர் ஒருவர், கேட்க வேண்டியவர் இன்னொருவர். மருமகள் காதில் விழட்டும் என்று மாமியார் பூனையைத் திட்டும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு 'சிறைப்புறமாக' என்பதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

ஒரு பாடவேளை, உள்ளே

குறுந்தொகை 25, கபிலர் பாடியது. இதை நான் எப்படி நடத்துகிறேன் என்று முழுதாகச் சொல்கிறேன்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

முதல் ஐந்து நிமிடம்: இரண்டு முறை வாய்விட்டுப் படிப்பேன், ஒரு மாணவர் ஒருமுறை படிப்பார். பொருள் சொல்லமாட்டேன் (உங்களுக்கு மட்டும்: அவன் என்னோடு கூடிய நாளில் சாட்சி யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், மீனைப் பார்த்து நின்ற குருகும் அங்கே இருந்தது என்கிறாள் ஒருத்தி). பலகையில் நாலு சொல்: ஆரல் ஒரு மீன், குருகு கொக்கு நாரை மாதிரிப் பறவை, எவன் செய்கோ என்றால் என்ன செய்வேன், ஞான்று என்றால் நாள். அவ்வளவுதான்.

அடுத்த ஐந்து நிமிடம் அமைதி. ஒவ்வொருவரும் தன் தாளில் ஒரே ஒரு சொல்லை வட்டமிட வேண்டும். எந்தச் சொல்லில் நின்றாய், ஏன், ஒரு வரியில் எழுது. இந்த அமைதி முக்கியம். இதை விட்டுவிட்டு நேராகக் கேள்வி கேட்டால் எப்போதும் பேசும் ஆறு பேர்தான் பேசுவார்கள், மற்ற நாற்பது பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

அப்புறம் பேச்சு. நான் இதை நடத்திய ஒரு வகுப்பில் பெரும்பாலானோர் 'கள்வன்' என்ற சொல்லை வட்டமிட்டிருந்தார்கள். எதிர்பார்த்ததுதான். கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் 'உம்' என்று எழுதியிருந்தான். என்னப்பா என்றால், 'யாரும் இல்லைன்னு ஆரம்பிக்கிறாங்க, கடைசியில குருகும் உண்டுன்னு சொல்றாங்க, அப்ப இருந்துச்சா இல்லையா?' என்றான். அதற்கு இன்னொருத்தி, 'இருந்துச்சு, ஆனா அது மீனைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு' என்றாள். உடனே முன் வரிசையிலிருந்து ஒரு குரல்: 'கேமரா இருந்துச்சும்மா, ஆனா வேற பக்கம் திரும்பி இருந்துச்சு.'

வகுப்பு சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் இறைச்சி என்றால் என்ன என்று நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. தன் இரையில் மட்டும் கண்ணாக இருந்த ஒரு பறவை. அவனும் அப்படித்தானோ என்ற கேள்வி தானாக வந்தது, நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்புறம் கால். தினைத்தாள் மாதிரி மெல்லிய பச்சைக் கால். அந்த நேரத்தில் கொக்கின் காலையா பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒருவர், இல்லை, இப்போது சாட்சி தேடி நினைவைத் துழாவும்போது அந்தக் கால்வரை ஞாபகம் வருகிறது என்று இன்னொருவர். இதில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் பேசினாலும் பாடலில் உள்ள சொல்லைக் காட்டிப் பேச வேண்டும், அது ஒன்றுதான் விதி.

கடைசிப் பத்து நிமிடம் கொளுவைக் காட்டுவேன்: திருமணம் தள்ளிப்போகிறபோது தலைவி தோழிக்குச் சொன்னது. பிறகு ஒரு பத்தி எழுத வேண்டும். மணி அடித்துவிட்டால் வீட்டில்.

எழுத்து

பேச்சில் இவ்வளவு நன்றாக வருவது எழுத்தில் வராது. இதற்குத் தயாராக இருங்கள், நான் முதல் வருடம் ஏமாந்து போனேன். கேமரா என்று சொன்ன அதே பிள்ளை எழுதியது இது: 'கபிலர் குருகை உவமையாகக் கூறித் தலைவியின் துயரத்தை மிக அழகாக விளக்கியுள்ளார்.' கைடு கைக்குள் இறங்கிவிட்டது. தவிர, குருகு உவமையே இல்லை. குருகு உண்மையாகவே அங்கே நின்றது, அதன் காலுக்குத்தான் தினைத்தாள் உவமை.

அதனால் இரண்டு கட்டுப்பாடு வைத்தேன். ஒன்று, அழகாக, அருமையாக, சிறப்பாக, நயம்பட ஆகிய நாலு சொல்லுக்கும் வகுப்பில் தடை. யாராவது எழுதினால் அந்த வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது. இரண்டு, மேற்கோள் மூன்று சொல்லுக்கு மேல் போகக்கூடாது. பாதிப் பக்கத்துக்குப் பாடலையே எடுத்து எழுதி நிரப்புவது இதில் நின்றுபோகும். ஒரு மேற்கோளுக்குப் பின்னால் குறைந்தது மூன்று வாக்கியம் அவர்களுடையதாக இருக்க வேண்டும். அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது, அது இல்லாவிட்டால் என்ன குறையும், அதனால் பேசுபவரைப் பற்றி நமக்கு என்ன தெரிகிறது.

ஆகஸ்டு மாதத்தில் அதே மாணவி திருத்தி எழுதியதைக் கிட்டத்தட்ட அப்படியே தருகிறேன்: '"யாரும் இல்லை" என்று சொன்னவள் கடைசி வரியில் "குருகும் உண்டு" என்கிறாள். இந்த "உம்"மில் அவள் சாட்சி தேடித் தேடிக் களைத்துப்போனது தெரிகிறது. கிடைத்ததும் பேசத் தெரியாத ஒரு பறவை. அதுவும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. "தானே கள்வன்" என்று அவனைத் திட்டுகிறாள், ஆனால் அவனைத் தவிர அவளுக்கு வேறு சாட்சியும் இல்லை.' கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் பக்கத்தில் இருந்த இயற்பியல் ஆசிரியரிடம் நோட்டை நீட்டினேன். அவரும் தமிழ் மீடியம்தான்.

மதிப்பெண்ணுக்கு அந்த அமெரிக்கத் தேர்வின் அளவுகோலையே கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டேன். ஒரு கட்டுரைக்கு ஆறு மதிப்பெண்: தெளிவான ஒரு நிலைப்பாட்டுக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து 4, நுட்பமாக ஏதாவது கண்டிருந்தால் 1. எடை எங்கே இருக்கிறது பாருங்கள். ஆறில் நாலு, சொல்லைக் காட்டி விளக்குவதற்கு. நம் 'நயம் பாராட்டுக' விடையில் எதுகை, மோனை என்று தலைப்புக்குத் தலைப்பு மதிப்பெண் பிரிப்பதால்தான் பிள்ளைகள் தலைப்பை எழுதிவிட்டு இடம் விடுகிறார்கள்.

திருத்துவதைப் பற்றி: ஐம்பது நோட்டையும் வாராவாரம் திருத்த நினைத்தால் மூன்றாவது வாரம் கைவிட்டுவிடுவீர்கள். வாரம் பன்னிரண்டு, சுழற்சியில். ஒரு வாரத்தில் ஒரு திறனை மட்டும் பாருங்கள். கூற்று வாரத்தில் எழுத்துப்பிழையை வட்டமிட வேண்டாம், ஒற்றுப்பிழையைப் பார்த்துக் கை பரபரக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுங்கள். மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவரிடம் நோட்டை மாற்றி, 'இதில் எந்த வாக்கியத்தை எந்தப் பாடலுக்கு வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்?' என்று தேடி அடிக்கோடிட வேண்டும். இந்த ஒரு கேள்வி நான் செய்யும் திருத்தத்தைவிட அதிகம் வேலை செய்கிறது.

இரண்டாம் சுற்று

அமைப்பைக் காட்ட, அதாவது எது முன் எது பின் என்பதைக் காட்ட, பாரி மகளிர் பாடிய புறநானூறு 112 மாதிரி ஒன்று கிடைக்காது. பலகையில் முதல் இரண்டு வரியை மட்டும் எழுதுங்கள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்

அன்றைய நிலவில் அப்பா இருந்தார், மலையும் எங்களுடையதாக இருந்தது. சரி, அடுத்து 'இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்' என்று வருகிறது, மீதியை நீங்களே எழுதுங்கள் என்று விடுங்கள். ஏறக்குறைய எல்லோரும் அதே வரிசையில் எழுதுவார்கள்: அப்பா இல்லை, மலையும் போய்விட்டது. பிறகு உண்மையான வரிகளைக் காட்டுங்கள்.

வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

வரிசை திரும்பியிருக்கிறது. மலை முதலில் போகிறது, அப்பா கடைசியில். அவர்கள் எழுதியதையும் பாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் சொன்ன அப்பாவைக் கடைசிவரை தள்ளிவைத்து, 'இலமே' என்று முடிவதில் என்ன நடக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். ஒரு பெண், 'பெரிய விஷயத்தை வாயில கொண்டு வரத் தள்ளிப்போடுவோம்ல, அப்படி' என்றாள். கையறுநிலைத் துறை, அதாவது இறந்தவரை எண்ணிச் செயலற்று வருந்துவது, என்பதை அதற்குப் பிறகு சொன்னேன். திணை பொதுவியல், துறை கையறுநிலை என்று மட்டும் எழுதி மதிப்பெண் வாங்கிய வருடங்களும் எனக்கு உண்டு.

குறுந்தொகை எட்டாம் பாடலையும் இந்தச் சுற்றில் எடுப்பேன். பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு நாடிப்போகும் பெண், பேசுகிற பாடல், பிளஸ் ஒன்னில் எப்படி எடுப்பது என்று சிலர் தயங்குவார்கள். பிள்ளைகள் பார்க்கிற சீரியலில் இல்லாதது இதில் எதுவும் இல்லை. கழனி ஓரத்து மாமரத்திலிருந்து உதிரும் பழத்தைக் குளத்து வாளை மீன் கவ்வுகிற ஊர்க்காரன், எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுகிறான், தன் வீட்டில் கண்ணாடிப் பிம்பம்போல அவள் கை தூக்கினால் கை தூக்குகிறான், கால் தூக்கினால் கால் தூக்குகிறான். கடைசி வரி 'தன் புதல்வன் தாய்க்கே' என்று முடிகிறது. மனைவி என்ற சொல்லே இல்லை, மகனின் அம்மா. சொல்லாமல் விட்டது எது என்ற ஐந்தாவது கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி நான் பார்த்ததில்லை. ஆனால் ஜூலையில் எடுத்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். கூற்றும் கேட்போரும் பழகிய பிறகு எடுத்தால்தான், இவள் பேசுவது மனைவியின் தோழிகள் காதில் விழுவதற்காக என்பது பிடிபடும்.

நீண்ட படைப்பு

சிலப்பதிகாரம் முப்பது காதை. முழுதும் வகுப்பில் படிக்க முடியாது, கதையை நாமே சொல்லி முடித்தால் அது வாசிப்பு ஆகாது. நான் ஒரு சொல்லைக் கொடுத்துத் துரத்தச் சொல்கிறேன். ஒரு குழுவுக்குச் சிலம்பு: கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி 'சிலம்புள கொண்ம்' என்று எடுத்து நீட்டுவதிலிருந்து, வழக்குரை காதையில் அது உடைந்து மணி தெறிப்பது வரை. இன்னொரு குழுவுக்குக் 'கள்வன்'. துன்ப மாலையில் கண்ணகி சூரியனைப் பார்த்துக் கேட்பது என் கணவன் கள்வனா என்று. வழக்குரை காதையில் அரசன் 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று' என்று சட்டம் பேசுகிறான். கொஞ்ச நேரத்தில் அதே வாய் 'யானோ அரசன் யானே கள்வன்' என்கிறது. கோவலன் மேல் ஒட்டியிருந்த சொல் நடந்து நடந்து அரியணையில் போய் ஒட்டுகிறது. கள்வன் குழுவில் ஒருவன் பழைய தாள்களைப் புரட்டி, கபிலர் பாட்டில் 'தானே கள்வன்' என்று ஒருத்தி சொல்கிறாள், இங்கே 'யானே கள்வன்' என்று அவனே சொல்கிறான், இதை ஒப்பிட்டு எழுதலாமா என்று கேட்டான். எழுதினான், இரண்டு பக்கம். ஒப்பீடு என்ற திறனுக்கு நான் தனியாக வகுப்பு வைத்திருந்தேன், அதை ரத்து செய்துவிட்டேன்.

சில நடைமுறைத் தொல்லைகள்

போர்ஷன் முடியவில்லையா என்று கேட்பார்கள். வாரம் ஒரு பாடவேளைதான் என்பதைக் கையில் அட்டவணையாக வைத்திருங்கள், பேச்சு சுருக்கமாக முடியும். பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு இது உதவுமா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் பெரும்பகுதியை இன்றைக்கும் மனப்பாடத்தால் வாங்கிவிடலாம். துறையை விளக்கிப் பொருத்துவதும், பெரும்பாலும் பாடநூலுக்கு வெளியிலிருந்து வரும் நயம் பாராட்டும் கேள்வியும்தான் நேரடியாகப் பயன்படும் இடங்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால் இவ்வளவு பாடு தேவையில்லை.

மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது என்று ஒரு பேச்சு உண்டு. என் அனுபவம் நேர்மாறானது. 'உம்' என்று வட்டமிட்டவன் அந்தப் பட்டியலில் இருந்தவன்தான். அவர்கள் திணறுவது பழந்தமிழ்ச் சொல்லில், யோசிப்பதில் இல்லை, அதனால் அருஞ்சொற்பொருளைக் கஞ்சத்தனம் பார்க்காமல் கொடுங்கள். சிரமப்படுபவர்கள் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகள். 'சரியான விடை எதும்மா, எழுதிப் போடுங்க' என்று அக்டோபர் வரை கேட்பார்கள். எழுதிப் போட்டுவிடாதீர்கள்.

நீங்களும் விடை தெரியாத பாடலை மாதம் ஒன்றாவது எடுத்துக்கொண்டு போங்கள். நான் உரையைப் பார்க்காமல் ஒரு நற்றிணைப் பாடலை எடுத்துப் போய், பேசுவது தோழியா தலைவியா என்று பிள்ளைகளோடு சேர்ந்து தப்பாக யூகித்திருக்கிறேன். அன்றைக்கு வகுப்பு நன்றாக நடந்தது.

ஜெராக்ஸ் செலவு பற்றி யாராவது கேட்பார்கள். ஒரு பாடல் ஐந்து வரி, கரும்பலகையில் எழுத மூன்று நிமிடம், பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டால் அதிலேயே ஒரு வாசிப்பு முடிந்துவிடுகிறது. பழக்கதோஷத்தில் கொளுவையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள், அவ்வளவுதான்.